பழைய சாணைக்கு இன்னொரு ஆயுள்

திருவனந்தபுரம் மாவட்டத்து மண்ணில் வைடூரியம் கிடைக்கிறது. அந்தக் கல்லை அறிந்தவர்கள், வீட்டுப் பட்டறையில் பழைய சாணை இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதை வீண்வேலை என்று சொல்லமாட்டார்கள். வைடூரியத்தின் கடினம் மோஸ் அளவில் 8.5, சிலிக்கன் கார்பைடு சக்கரம் அதைவிடச் சற்றே கடினமானது, ஆகவே மெதுவாகத்தான் தேய்க்கும். அந்த நிதானம்தான் இங்கே வேண்டியது. கல்லுக்குள் ஓடும் நுண்ணிழைகள் அடிப்பாகத்துக்கு இணையாக அமைந்தால்தான் குமிழின் உச்சியில் ஒளிக்கோடு நேராக விழும்; அதற்கு அடிக்கடி கையை நிறுத்தி, கல்லைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும்.

வைரத்தூள் சக்கரம் பூட்டிய புது இயந்திரம் சட்டென்று முடித்துவிடுமே என்பார்கள். நாள் முழுக்கப் பட்டை தீட்டிப் பிழைப்பவருக்கு அதுவே சரி. ஆனால் பழையதில் பெரும்பாலும் கெட்டுப்போவது பேரிங்கும் பெல்ட்டும்தான். இந்தக் கடலோர ஈரத்தில் மேலே துரு ஏறினாலும் வார்ப்பிரும்பு உடம்பு உள்ளே திடமாக இருக்கும். அதன் கனமே அதிர்வை அடக்கும். பழைய சக்கரம் சுழலும்போது உடைந்து தெறிக்கலாம், ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. பழைய சக்கரத்தைக் கழற்றி மரப்பிடியால் லேசாகத் தட்ட வேண்டும்: மந்தமாக ஒலித்தால் விரிசல், தூக்கி எறிய வேண்டியதுதான், கணீரென்றால் பூட்டலாம். வேலை முடிந்ததும் சக்கரத்தின் அடியிலுள்ள தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, சக்கரத்தைச் சிறிது நேரம் சும்மா சுழலவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பாதியில் தண்ணீர் ஊறி, மறுநாள் சக்கரம் ஒருபக்கம் கனத்து ஆடும்.