ஓவியமும் ஓர் உரையே

தொடர்கதைக்கு வரையும் ஓவியம் வெறும் அணியே என்பர் சிலர். அஃது உரையின் தொழிலையும் ஆற்றுவதாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் தீட்டிய ஓவியங்கள் இதற்குச் சான்று. அழகால் ஒத்த குந்தவையையும் நந்தினியையும் அவர் கொண்டையின் அமைப்பாலேயே வேறுபடுத்திக் காட்டினார். மூலம் பல சொற்களால் உணர்த்தும் வேற்றுமை கற்போர்க்கு ஒரு நோக்கில் விளங்கிற்று.

பின்வந்த பதிப்புகள் பல அவ்வோவியங்களின்றியே வெளிப்போந்தன. எனவே, முதலிற் கற்றோர் பெற்ற நூலை அவை முழுமையாகத் தாரா. இதழ்த் தாள்களைத் தொகுத்துத் தைத்துக் காத்த இல்லத்தாரே ஈண்டு ஏடு காத்தவராவர். ஆதலின், பாடவேறுபாடு காண்போர் படவேறுபாட்டையும் குறித்தல் கடன். ஓவியர் பெயரையும் ஓவியம் வந்த இதழையும் சுட்டாத பதிப்பைச் செம்பதிப்பு எனல் பொருந்தாது.