துளை மட்டும் சிறியதாகட்டும்

ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பழைய ஓ.எஸ். மேக்ஸ் 40 எஃப்.பி. எஞ்சினை, கம்பியைப் பிடித்துச் சுற்றிப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் விமானத்துக்கு மாற்றலாமா? மாற்றலாம். எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதில்தான் வழக்கு. கார்புரேட்டரை முழுக்கத் திறந்து கம்பியால் கட்டிவிட்டுப் பறப்பது ஒரு கட்சி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு காற்று நுழையும் வெறும் குழாயான வெஞ்சுரியைப் பொருத்துவது இன்னொன்று. மூன்றாவது கட்சி எஞ்சினின் வயிற்றிலேயே கைவைக்கும்: தலைக்கடியில் கூடுதல் கேஸ்கட், அடைத்த போர்ட், திருத்திய டைமிங்.

தீர்ப்புக்கு முன், எஞ்சின் கம்பியில் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். என்.சி.சி. விமானப் பிரிவில் கம்பியைப் பிடித்துத் தலைசுற்ற நின்றவர்களுக்கு இது தெரியும். 19 மீட்டர் ஆரம், சுற்றுக்கு 5.2 விநாடி என்றால் வேகம் மணிக்கு சுமார் 83 கி.மீ. மட்டமாகச் சுற்றும்போதே டேங்கிலுள்ள எரிபொருள் புவியீர்ப்பைப் போல் 2.8 மடங்கு விசையோடு வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். அதே வேகத்தில் 7 மீட்டர் ஆரத்துக்கு ஒரு லூப் போட்டால் அந்த விசை 7 மடங்கைத் தாண்டும். தலைகீழ் லூப்பில் எதிர்ப்பக்கம் இழுக்கும். இத்தனைக்கும் நடுவில் எஞ்சின் ஒரே சீராக உறிஞ்ச வேண்டும். கையை விட்டுப் போன பிறகு, எரிபொருளின் அளவைத் திருத்தும் நீடிலைத் திருக யாராலும் முடியாது.

ரேடியோ கார்புரேட்டர் இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. அதன் துளை பெரியது. முழு வேகத்தில் அதிகபட்ச சக்தி தருவதே அதன் நோக்கம். துளை பெரிதானால் காற்றின் வேகம் குறையும், உறிஞ்சல் பலவீனப்படும். சைலன்சரிலிருந்து டேங்குக்கு ஒரு குழாய் இழுத்து அழுத்தம் கொடுத்து அந்தக் குறையைச் சரிக்கட்டுவார்கள். துளையைத் திறந்து மூடும் பீப்பாய் அதிர்வில் நகர்வது, ஐடில் திருகில் காற்றுக் கசிவது என்று உபரித் தொல்லைகள் வேறு. மட்டமாகச் சுற்றிப் பழகுகிறவருக்கு முதல் கட்சியின் வழி போதும், செலவும் இல்லை. லூப் போட ஆரம்பித்த அன்றே அது கைவிடும்.

இரண்டாம் கட்சியின் பலம் கணக்கில் இருக்கிறது. வெஞ்சுரியின் குறுக்கே எரிபொருளைக் கொண்டுவரும் ஸ்ப்ரே பார் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அது 4 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். துளை 8 மி.மீ. என்றால் காற்றுக்கு மிஞ்சும் பரப்பு சுமார் 18 சதுர மி.மீ.; 7.5 என்றால் 14; 7 என்றால் பத்தரைதான். ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் வழி போய்விடுகிறது! லேத் பட்டறையின் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. பெரிய துளையில் தொடங்கியவர் திரும்பிப் போக முடியாது. சிறியதில் தொடங்கியவர் அரை மில்லி அரை மில்லியாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். சக்தி குறையும் என்பது உண்மைதான். ஆனால் 6.5 சி.சி. எஞ்சினிடம் விட்டுக்கொடுக்கச் சக்தி இருக்கிறது. ஓ.எஸ். நிறுவனமே கார்புரேட்டர் இருந்த இடத்தில் வெஞ்சுரி வைத்து, எஃப்.பி.-எஸ். என்ற பெயரில் இதே குடும்பத்தைக் கண்ட்ரோல் லைன்காரர்களுக்கு விற்றது.

மூன்றாம் கட்சியின் ஆசையில் ஒரு பழங்காதல் உண்டு. 1940களின் இறுதியில் டியூக் ஃபாக்ஸ் கொண்டுவந்த ஃபாக்ஸ் 35தான் அந்தக் காதலி. இரும்புப் பிஸ்டன், அதன் தலையில் தடுப்புச் சுவர், எரிபொருளில் தாராளமாக விளக்கெண்ணெய். மட்டமாகப் பறக்கையில் கலவை மிகுந்து ஒன்றுவிட்டு ஒரு சுற்றில்தான் அது வெடிக்கும். மூக்கு மேலே திரும்பிப் பாரம் ஏறியதும் ஒவ்வொரு சுற்றிலும் வெடித்து வேகமெடுக்கும். காதுக்கு அது சங்கீதம், மறுக்கவில்லை. ஆனால் ஷ்னூர்லே முறையில் போர்ட் வெட்டிய எஃப்.பி.க்கு அந்த ராகம் வராது. கேஸ்கட் அடுக்கி அழுத்தத்தைக் குறைத்தால் ஒரு நாள் வரும். வெயில் மாறினால், காற்று மாறினால் பாதி லூப்பில் திடீரென்று தாவும். அரம் பட்ட சிலிண்டரைப் பழையபடி ஆக்கவும் முடியாது. இந்த வழியை நான் முழுதாக நிராகரிக்கிறேன்.

எஞ்சினின் குணத்தோடு ஒத்துப்போவதற்குச் சரியான இடம் புரொப்பெல்லர். நழுவலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதே 83 கி.மீ. வேகத்துக்கு 6 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) நிமிடத்துக்கு 9,000 சுற்று கேட்கும். 4 அங்குலம் 13,500 கேட்கும். முதலாவது ஃபாக்ஸின் நடை, இரண்டாவது எஃப்.பி.யின் நடை. குறைந்த பிட்சில் வேகமாகச் சுழலும் புரொப்பெல்லர், விமானம் கீழே பாயும்போது பிரேக் போலவும் வேலை செய்யும். ஏறும்போது தானாக வேகமெடுக்கும் எஞ்சினைத் தேடி அலைந்தவர்கள், இறங்கும்போது வேகம் எடுக்காத விமானமும் அதே பயனைத் தரும் என்பதைக் கவனிக்கத் தவறினார்கள். 20, 25 அளவுச் சின்ன எஃப்.பி.களில் இந்த வழி இன்னும் அழகாக அமையும். கையில் இரண்டும் இருந்தால் சின்னதைத்தான் எடுப்பேன்.

டேங்கைப் பற்றி ஒரே சோதனை போதும். நிமிர்ந்தும் தலைகீழாகவும் சுற்று நேரத்தை எடுத்துப் பாருங்கள். நிமிர்ந்து பறக்கையில் கலவை மிகுந்து மந்தமானால் டேங்கைச் சற்றுக் கீழே இறக்குங்கள், நீடிலைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால்தான். பழைய எண்ணெய்ப் பிசினால் இறுகிக் கிடந்தால், சூடு காட்டினால் இளகும். இடுக்கி போடக் கூடாது. எக்ஸாஸ்ட் வழியே உள்ளே பார்க்கும்போது சிலிண்டரின் நிக்கல் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால், வெஞ்சுரி கடையக் காசு கொடுக்காமல், திருகுகளைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த எஞ்சினைத் தேட வேண்டியதுதான்.