வண்டியின் வேகமும் எழுத்தின் உண்மையும்

ஸ்டைன்பெக்கின் ‘சார்லியுடன் பயணங்கள்’ நூலை இப்னு பதூதாவோடு சேர்த்து வாசித்தல்

1962ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் இரண்டு பயண நூல்கள் வெளிவந்தன. ஒன்று, அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக் எழுதிய ‘சார்லியுடன் பயணங்கள்’. அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மற்றையது, இப்னு பதூதாவின் ‘றிஹ்லா’வுக்கு எச்.ஏ.ஆர். கிப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் இரண்டாம் தொகுதி. முன்னையதைப் பெருந்திரளான வாசகர் விரும்பிப் படித்தனர். பின்னையது ஆய்வாளரின் மேசையோடு நின்றுகொண்டது.

இவ்விரண்டையும் ஒருசேர வாசிக்க ஆண்டு ஒற்றுமை மட்டும் காரணமல்ல. இரண்டிலும் வீட்டைச் சுமந்து செல்லும் ஒரு வண்டி இருக்கிறது. நாய் இருக்கிறது. மலையும் குளிரும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, “இவர் எழுதியது நடந்ததுதானா?” என்ற சந்தேகம் இரண்டின் மீதும் விழுந்திருக்கிறது. பயண இலக்கியத்தில் உண்மை எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்பதை அறிய இவை இரண்டும் நல்ல உரைகற்கள்.

1960 செப்டெம்பரில், தமது 58ஆவது வயதில், ஸ்டைன்பெக் லோங் ஐலன்ட் தீவின் சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டார். ஒரு பிக்கப் வாகனத்தின் மேல் சிறு அறையொன்றைப் பொருத்துவித்து, அதற்கு டொன் குயிக்ஸோட்டின் குதிரையினுடைய பெயரான ‘றொசினாந்தே’ என்பதைச் சூட்டினார். படுக்கை, அடுப்பு, எழுதும் மேசை எல்லாம் அதற்குள் அடக்கம். அழுக்குத் துணிகளைச் சவர்க்காரத் தூளும் வெந்நீரும் இட்ட மூடிய வாளியொன்றில் போட்டு, அதை மீள்தன்மையுள்ள கயிற்றில் தொங்கவிட்டார். வீதியின் குலுக்கலே துணியைத் துவைத்துக் கொடுத்தது. துணைக்குச் சென்றது சார்லி என்ற, பாரிஸின் பெர்ஸியில் பிறந்த முதிய பூடில் நாய். தம் நாட்டைப் பற்றி எழுதிக்கொண்டே அதை அறியாதவராகிவிட்டோம் என்ற உறுத்தலே பயணத்தின் நோக்கம் என்கிறார் அவர்.

இதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1330களில், கிரிமியாவிலிருந்து கிப்சாக் புல்வெளிக்குள் நுழைந்த இப்னு பதூதா அந்நாட்டுத் துருக்கியரின் வண்டியை வருணிக்கிறார். நான்கு பெரிய சக்கரங்கள். இழுப்பதற்குக் குதிரை, எருது அல்லது ஒட்டகம். மேலே மெல்லிய மரச் சட்டங்களைத் தோல் வாரினால் கட்டிக் கம்பளி போர்த்திய கூடாரம். பின்னல் அடைப்பிட்ட யன்னல்கள் வழியே உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. ஓடும் வண்டியிலேயே உண்ணலாம், உறங்கலாம், வாசிக்கலாம், எழுதலாம். ஸ்டைன்பெக் பணம் கொடுத்துச் செய்வித்ததை அந்த மக்கள் அன்றாட வாழ்க்கையாகவே வைத்திருந்தனர். அவர்கள் ஸுபஹுக்குப் பின் புறப்பட்டு முற்பகலில் தரித்து, நண்பகலுக்குப் பின் மீண்டும் புறப்பட்டு மாலையில் தரிப்பர். தொழுகையும் மிருகங்களின் மேய்ச்சலும் சேர்ந்து பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தன.

இந்த வேகம்தான் பின்னாளில் இப்னு பதூதாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. காக்கஸஸுக்கு வடக்கேயுள்ள சுல்தான் உஸ்பெக்கின் முகாமிலிருந்து வொல்கா நதியோரத்து புல்கார் நகருக்குப் பத்து நாட்களில் சென்றதாக அவர் சொல்கிறார். வழியோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமானது. அந்நாளைய வண்டி பத்து நாட்களில் அதைக் கடக்காது. வழியில் கண்டதைப் பற்றியும் அவரிடம் ஒரு சொல் இல்லை. 1929இல் ஸ்டீபன் ஜானிசெக் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டி, புல்கார் பயணம் புனைவு என வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர் பலரும் அதை ஏற்றுக்கொண்டனர்.

ஸ்டைன்பெக் அகப்பட்டதும் இப்படித்தான். அவரது வழியைத் தேதிவாரியாகப் பின்தொடர்ந்த பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர், 2011இலும் 2012இலும் தமது முடிவுகளை வெளியிட்டார். நூலின்படி ஸ்டைன்பெக் வட டகோட்டாவின் ஆலிஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஆற்றோரம் தரித்து, ஊர் ஊராகச் செல்லும் நாடக நடிகர் ஒருவரோடு நீண்ட நேரம் உரையாடுகிறார். மனைவிக்கு எழுதிய கடிதமோ, அவ்விரவு அவர் அம்மாநிலத்தின் மேற்கு எல்லையிலுள்ள பீச் என்ற ஊரின் விடுதியில் இருந்ததைக் காட்டுகிறது. தனிமைப் பயணம் என்று நாம் வாசித்ததில் கணிசமான நாட்களில் மனைவி உடனிருந்தார். பல இரவுகள் ஹோட்டல்களில் கழிந்தன. 2012இல் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், இந்நூலை எழுத்துக்கு எழுத்து உண்மையெனக் கொள்ள வேண்டாம் என்று ஜே பரினி எச்சரிக்க வேண்டியதாயிற்று.

“அவர் நாவலாசிரியர்தானே, கற்பனை செய்தால் என்ன?” என்று கேட்போர் உண்டு. இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. நாவலைக் கையில் எடுக்கும் வாசகன் ஒரு விதமான உடன்படிக்கைக்கு வருகிறான். பயண நூலை எடுக்கும்போது அவன் வருவது வேறொன்றுக்கு. “நான் போனேன், கண்டேன்” என்பதே பயண நூலின் மூலதனம். அந்த மூலதனத்தை வாங்கிக்கொண்டு புனைவின் சலுகையையும் கேட்பது நேர்மையாகாது. அத்துடன், ஸ்டைன்பெக்கின் நூலில் ஐயத்துக்குரிய பகுதிகள் கலையாகவும் பலவீனமானவை என்பதை அவதானிக்க வேண்டும். வழியில் வரும் மனிதர் பலர் அவர் ஏற்கெனவே நினைத்திருந்ததையே பேசுகின்றனர். உரையாடல் முடிந்ததும் எழுந்து போய்விடுகின்றனர். அவர்களில் ஒருவரேனும் அவரது பயணத்தை அரை நாள் தாமதிக்கச் செய்வதில்லை.

தாமதிக்கச் செய்வது சார்லி மட்டுந்தான். நூலின் உயிர் அங்கே இருக்கிறது.

மலைநாட்டுப் பகுதியை எடுத்துக்கொள்வோம. மொன்டானாவுக்குள் நுழைந்ததும் ஸ்டைன்பெக் அம்மாநிலத்தின் மீது காதல் கொண்டுவிட்டதாகச் சொல்கிறார். ஆயினும் அவரது காதல் மொழி வாசகனுக்குள் இறங்குவதில்லை, வெறும் அறிவித்தலாகவே நின்றுவிடுகிறது. பில்லிங்ஸில் ஒரு தொப்பி, லிவிங்ஸ்டனில் ஒரு மேலங்கி, பியூட்டில் தேவையற்ற ஒரு துப்பாக்கி என்று அவர் வாங்கியதைச் சொல்லும்போதுதான் ஊர்கள் ஊர்களாகின்றன. அடுத்து யெலோஸ்டோன் தேசிய பூங்கா வருகிறது. கரடிகள் உள்ள இடம், நாய் கவனம் என்று வாயில் காவலர் எச்சரிக்கிறார். சார்லி சாதுவானவன், சண்டை அறியாதவன் என்று ஸ்டைன்பெக் பெருமையடிக்கிறார். சற்றுத் தூரம் சென்றதும் வீதியோரத்தில் ஒரு கரடி தென்படுகிறது. அந்தச் சாது நாய் வெறிபிடித்துக் கத்துகிறது, வாகனத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறப் பார்க்கிறது. அடுத்த கரடி, மேலும் வெறி. வேறு வழியின்றி ஸ்டைன்பெக் வாகனத்தைத் திருப்புகிறார். உலகப் புகழ்பெற்ற அந்த இயற்கைக் காட்சிகள் நூலில் இல்லாமலே போகின்றன. அன்றிரவு லிவிங்ஸ்டனில் களைத்துறங்கும் நாய்க்கு அருகே, தான் அறிந்ததாக நினைத்திருந்த உயிருக்குள் வேறொன்று இருந்ததை எண்ணிப் பார்க்கும் ஒரு கிழவரைக் காண்கிறோம். தம் நாட்டை அறியப் புறப்பட்டவர் தம் நாயையே அறிந்திருக்கவில்லை.

பின்னர் மலைகளைத் தாண்டும்போது சார்லி நோய்வாய்ப்படுகிறது. முதுமையால் சிறுநீர் இறங்காத வேதனை. ஸ்போகேனில் கண்ட மிருக வைத்தியர் அக்கறையற்றவராக இருக்கிறார். சரியான மருத்துவம் டெக்சஸின் அமரில்லோவில்தான் கிடைக்கிறது. இப்பக்கங்களில் ‘அமெரிக்கா எத்தகையது’ என்ற பெருங்கேள்வி ஒதுங்கி நிற்க, ஒரு முதிய மனிதர் ஒரு முதிய நாயின் மூத்திரத்துக்காகக் காத்திருக்கிறார். எழுதுவதற்குப் பெருமையற்ற இவ்விடயமே நூலில் நம்பத்தகுந்ததாக நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கரடிக் காட்சிக்கும் சார்லியைத் தவிர வேறு சாட்சி இல்லையே, அதையும் புனைந்திருக்க முடியாதா? முடியும். ஆனால் சாட்சியத்தை எடைபோடும்போது சொல்பவனுக்கு அதனால் என்ன இலாபம் என்று பார்ப்பது பழைய முறை. ஆலிஸ் ஊர் நடிகர் ஸ்டைன்பெக்கை ஞானமுள்ள பயணியாகக் காட்டுகிறார். சார்லியோ அவரது வாக்கைப் பொய்யாக்கி, திட்டத்தைக் குலைத்து, அவரைத் திரும்பிப் போகச் செய்கிறது. தனக்கு எதிராகத் தானே சொல்லும் வாக்குமூலத்துக்குக் கனம் அதிகம்.

இப்னு பதூதாவிலும் இதே அளவுகோல் பொருந்துகிறது. கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து கடுங்குளிர் காலத்தில் திரும்பும்போது மூன்று தோலங்கிகளையும் இரண்டு காற்சட்டைகளையும், ஒன்றன்மேல் ஒன்றாகக் காலணிகளையும் அணிந்திருந்ததாகச் சொல்கிறார். நெருப்பருகே நின்று வெந்நீரில் வுழூச் செய்தும் விழுந்த துளியெல்லாம் அக்கணமே உறைந்தது. முகம் கழுவிய நீர் தாடியில் உறைந்து, உதறினால் பனியாகக் கொட்டியது. மூக்கில் வடிந்தது மீசையில் உறைந்தது. அணிந்திருந்தவற்றின் பாரத்தினால் குதிரையில் ஏற இயலாமல் தோழர்கள் தூக்கி ஏற்றிவிட்டனர். காழியாராக இருந்த ஒருவர் தம்மைப் பற்றி இப்படி எழுதச் சொல்வதற்கு, அது நடந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. இந்துகுஷ் மலையைக் கடக்கும்போது ஒட்டகங்கள் பனியில் புதையாதிருக்க அவற்றின் முன்னே கம்பளித் துண்டுகளை விரித்து நடத்திச் சென்றனர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் அடிமைச் சிறுவரும் சிறுமியரும் குளிரினால் இங்கு மடிவதாலேயே மலைக்கு அப்பெயர் வந்தது என்றும் குறிப்பிடுகிறார். பாதத்தின் கீழுள்ள கம்பளியையும் அந்தப் பிள்ளைகளின் மரணத்தையும் காணும் கண், மெதுவாகச் செல்பவனுடைய கண்.

ஐயத்துக்குரிய புல்கார் பகுதிக்குள்ளேயே, விந்தையாக, நாயைப் பற்றிய மிக அருமையான குறிப்பு வருகிறது. புல்காருக்கு அப்பால் நாற்பது நாள் தூரத்தில் இருள் நாடு. பனிக்கட்டி மூடிய அவ்வழியில் மனிதனின் பாதமும் குதிரையின் குளம்பும் வழுக்கும். நகமுள்ள நாய்கள் இழுக்கும் சிறு வண்டிகளே அங்கு செல்லும். பலமுறை போய்வந்த நாயே வழிகாட்டி. அதனோடு வேறு மூன்று நாய்கள் பூட்டப்படும். அது நின்றால் எல்லாம் நிற்கும். எசமான் அதை அடிப்பதுமில்லை, ஏசுவதுமில்லை. உணவு வேளையில் மனிதருக்கு முன் நாய்களுக்கே பரிமாறப்படும். இல்லையேல் அது கோபித்து ஓடிவிடும், மனிதர் அழிவர். இவ்வளவும் சொன்ன பின், சிரமம் அதிகம், பயன் குறைவு என்பதால் தாம் அங்கு போகவில்லை என்று சொல்லிவிடுகிறார். புல்கார் விடயத்தில் வழுக்கியவர், இருள் நாட்டு விடயத்தில் ‘கண்டது’க்கும் ‘கேட்டது’க்கும் நடுவே கோடு போட்டார். யாரிடம் கேட்டாய் என்று வினவும் அறிவுமரபில் வளர்ந்தவருக்கு அந்தக் கோட்டின் பெறுமதி தெரிந்திருந்தது. ஸ்டைன்பெக் அந்தக் கோட்டை எங்கும் போடவில்லை என்பதே அவர் மீதான நமது முறைப்பாடு.

நாயோடு ஒரே அறையில் உறங்கும் மனிதரின் நூலை ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்த நம் வாசகர் சற்றுத் தயக்கத்தோடு அணுகக்கூடும். இப்னு பதூதா பின்பற்றிய மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் நஜீஸ் அல்ல என்பதை நினைவுகூரலாம். சட்டம் எவ்வாறிருப்பினும், குகைத் தோழரின் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதால் மன்னிப்புப் பெற்றவரையும் அறிந்தவர் நாம். வழித்துணையாக வரும் மிருகத்துக்கு நம் மரபு இடம் கொடுத்தே இருக்கிறது.

இவ்வளவும் நமக்கு எதற்கு? 1344இல் புத்தளத்தில் இறங்கிப் பாவாதமலை ஏறிய இப்னு பதூதாவை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டோமா என்பது வேறு விடயம். ‘றிஹ்லா’வில் மக்காவையும் மதீனாவையும் பற்றிய வருணனைகளில் கணிசமானவை, அவருக்கு முன் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து, எழுத்தாளர் இப்னு ஜுஸையினால் எடுத்துச் சேர்க்கப்பட்டவை. இப்னு பதூதா நிச்சயமாகக் கண்ட இடங்கள் அவை. ஆனால் அங்கே சொற்கள் இரவல். உறைந்த தாடி மட்டும் அவருடையது.

நம்மிடையே வெளிவரும் ஹஜ், உம்றாப் பயண நூல்களின் நோயும் இதுவே. ஹறத்தைப் பற்றிய பக்கங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பெயர்த்தெழுதியவை போலிருக்கின்றன. முழங்கால் வலியோடு ஸஃயில் பின்தங்கிய தாயாருக்காக மகன் நடையைக் குறைத்த கதை, மினாவின் கூடாரத்தில் உறக்கம் வராத இரவு, வரிசையில் நின்று பொறுமை இழந்த நிமிடம் ஆகியன ஒதுக்கப்படுகின்றன. எழுதத் தகுதியற்றவை என்று கருதி விட்டுவிடப்படும் அந்தத் தாமதங்களில்தான் எழுதியவர் அங்கே இருந்தார் என்பதற்கான அத்தாட்சி இருக்கிறது.

‘சார்லியுடன் பயணங்கள்’ நூலைத் தூக்கியெறியுமாறு நான் சொல்லவில்லை. அமெரிக்காவைப் பற்றிய ஆவணமாக அதை நம்ப வேண்டாம். ஒரு முதிய நாய் தன் எசமானின் அவசரத்தை எவ்வாறு தோற்கடித்தது என்பதன் பதிவாக வாசிக்கலாம். அந்த அளவில் அது நிலைத்து நிற்கும் நூல்.