கரை தெரிந்த பிறகு போட்ட தையல்

பாய்மரம் முறிந்து, கிடைத்த கழியை நட்டு, கந்தல் பாயோடு கரை சேர்ந்த கதைகளுக்குத்தான் எப்போதும் கூட்டம் கூடுகிறது. படகுப் பிரியர்களில் ஒரு சிறு பிரிவுக்கு மட்டும் அவற்றைவிட, வேறொருவர் படகை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்கும் டெலிவரி ஓட்டத்தின் கடைசி இரண்டு நாள் பெரிது. கரை தெரிந்துவிட்டது. செல்பேசியில் சிக்னல் வந்துவிட்டது. துறைமுகத்தில் பட்டறை இருக்கிறது, செலவு படகுக்காரருடையது, ஊருக்குத் திரும்ப விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த நேரத்திலும் ஒருவர் உள்ளங்கைத் தோலை மாட்டிக்கொண்டு கிழிந்த பாயைத் தைக்க உட்கார்ந்தாரென்றால், அந்தத் தையலைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பார்க்க வேண்டியது அழகை அல்ல. ஒட்டுத்துணியின் மூலைகளை வட்டமாக வெட்டியிருக்கிறாரா? கூர்மூலை இருந்தால் காற்று அங்கிருந்துதான் உரிக்க ஆரம்பிக்கும். பழைய தையல் விட்டுப்போன ஓட்டைகளிலேயே ஊசி போயிருக்கிறதா, புதிதாகக் குத்தி டேக்ரான் துணியை மேலும் பலவீனமாக்கியிருக்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுமுன் உப்பைக் கழுவினாரா? உப்பு இருக்கும் துணியில் பசை நிற்காது. நடுக்கடலில் யாரும் குடிதண்ணீரைப் பாய்க்குச் செலவழிக்க மாட்டார்கள். கடைசி நாளில் செலவழிக்கலாம். தொட்டியில் மிஞ்சிய நல்ல தண்ணீரைக் குளிக்க எடுத்துக்கொள்ளாமல், பாயைக் கழுவி, பூமில் விரித்துக் காயவிட்டு, அப்புறம் மெழுகு தடவிய நூலைக் கோக்கிறவர் வேறு ஜாதி மனிதர்.

பட்டறை எதிரே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இயந்திரம் நேராகத் தைக்கும், பாய்மரக் கம்பிகளுக்கு ரிக்கர் போடும் டெர்மினல் அளவு பிசகாது. ஆனால் பட்டறைக்காரர் கண்ணில் படுவது கிழிசல் மட்டும். அது எப்படிக் கிழிந்தது என்பது ஓட்டிவந்தவருக்குத்தான் தெரியும்: எந்தக் காற்றில், எத்தனை இரவு, பாயின் எந்த இடம், மரத்தின் குறுக்குக் கையான ஸ்ப்ரெடரின் நுனியில் உரசியது என்று. அதனால் அவர் பாயைத் தைப்பதோடு நிற்க மாட்டார். மரத்தில் ஏறி, ஸ்ப்ரெடர் நுனிக்கும் தோல் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார். பட்டறைச் சீட்டில் அந்தத் தோல் இருக்காது.

இந்த ரசனைக்கு ஒரு மூலவர் உண்டென்றால் அது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் சுஹைலிதான். பம்பாய் கொலாபாவில் தச்சர்கள் வாய்ச்சியும் வில்துரப்பணமும் கொண்டு தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல. அதன் முதல் பெரிய வேலை, கட்டச் செய்தவரைப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்ப்பது. பிறகுதான் கோல்டன் குளோப் பந்தயத்தில் 1968 ஜூன் 14 அன்று ஃபால்மவுத்திலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது. கேப் வெர்டே தீவுகளைத் தாண்டியதும் கீலை ஒட்டிய இணைப்பில் தண்ணீர் வரத் தொடங்கியது.

கரையில் என்றால் கலப்பத்துக்காரர் உட்கார்ந்து அடிக்கிற வேலை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதைத் தண்ணீருக்குள் முங்கிச் செய்தார். பஞ்சுத் திரியை இணைப்பில் அடித்துச் செருகப் பார்த்தார். மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் பஞ்சு வெளியே வந்துவிட்டது. பின்பு நீளமான கேன்வாஸ் பட்டையில் பஞ்சைத் தைத்தார், தார் பூசினார், செப்பு ஆணிகளை முன்கூட்டியே குத்திவைத்துக்கொண்டார், முங்கி முங்கி அடித்தார். இடையில் ஒரு சுறா வந்து சுற்ற, துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் சுறாவோடு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிந்தியதுதான் கைவேலை. கேன்வாஸ் பிடித்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கேன்வாஸ் விளிம்பைத் தண்ணீர் உரித்துவிடக் கூடாதென்று, கையிலிருந்த செப்புப் பட்டையை அதன் மேல் வைத்து மறுபடியும் முங்கி ஆணி அடித்தார். பஞ்சை அடிக்க வைத்தது பயம் என்று சொல்லலாம். செப்புப் பட்டைக்கு அந்த விளக்கம் போதாது. கிளம்பி 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று, சுஹைலி ஃபால்மவுத்துக்கே திரும்பியது. சுயசுக்கான் கருவி வழியிலேயே போய்விட்டது, வண்ணம் உரிந்து துரு வழிந்தது. அந்தப் பந்தயத்தில் முழுச் சுற்றை முடித்த ஒரே படகு அது. டெலிவரியின் கடைசி நாளில் ஒரு நல்ல கை செய்வதும் அந்தச் செப்புப் பட்டை வேலைதான்: பழுது நின்ற பிறகும் ஒரு படி கூடுதலாக.

ஜான்-லூக் வான் டென் ஹீடைக் கொண்டாடுகிறவர்களோடு இங்கே பெரிய சண்டை இல்லை. 2018இல் மறுபடி நடந்த கோல்டன் குளோப் பந்தயத்தில், நவம்பரில் பசிபிக்கில் அவருடைய படகு கவிழ்ந்து எழுந்தபோது, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கீழ் ஷ்ரௌடு கம்பிகளை மரத்தோடு பிணைக்கும் போல்ட் இறங்கிவிட்டது. சிலிக்கு ஒதுங்கலாம் என்றிருந்தவர், மரத்தில் பலமுறை ஏறிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார். 2019 ஜனவரி 29 அன்று முதலாவதாக வந்தபோது அவருக்கு வயது 73. கட்டு அருமையானது. என்றாலும் ஹார்ன் முனை முன்னால் நிற்கும்போது போட்ட கட்டை, ஒப்படைக்கப்போகும் படகில் போட்ட கட்டோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

டெலிவரி ஓட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். ஊர் மாலுமிகள் அதில் ஏற, சூயஸ் வழியாக 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழில் அதைப் பற்றி வந்ததெல்லாம் தூரத்தையும் துணிச்சலையும் போற்றுகிறது. மரக்கலம் அத்தனை தொலைவு போனால் வழிநெடுகக் கயிறு மாற்றாமல், பாய் தைக்காமல், கலப்பத்து பார்க்காமல் போயிருக்காது. அந்தக் கைகளின் வேலைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

குறை இப்போது அதிகமாகிவிட்டது. டெலிவரி முடித்து இறங்குகிறவர்கள் பழுதுகளைப் படமெடுத்துப் படகுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். முன்பு பழுதுப் பட்டியலில் வேலை முடிந்து அடித்த வரிகள்தான் அதிகம் இருக்கும், அடிக்காத வரிகளுக்குக் காரணம் எழுதியிருக்கும். இப்போது அவசரத்தில் போட்ட எபாக்சியில் முதல் பூச்சின் மேல் படியும் வழவழப்பைக் கழுவாமலே அடுத்த பூச்சைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒரு பருவம்கூட நிற்காது. இதற்குக் கார்பன் போன்ற புதுப் பொருள்களைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. 2000-01 வாந்தே குளோப் உலகச் சுற்றுப் பந்தயத்தில் மரம் முறிந்த இவ் பார்லியே, நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் நங்கூரமிட்டு, தனியாளாக, மின்விளக்குச் சூட்டில் கார்பனை இறுக்கி மரத்தைத் திரும்ப நிறுத்தினார். கடற்பாசியைத் தின்றுகொண்டு ஊர் திரும்பினார். பொருள் எதுவானாலும் வேலை நடக்கும். தொல்லை தருவது திருகாணியே இல்லாமல் மூடி ஒட்டிய கருவிப் பெட்டிகளும், எல்லாம் கரையில் இருக்கிற குழுவின் பாடு என்கிற பழக்கமும்தான்.

அதனால்தான் 2022 கோல்டன் குளோபின் முடிவு இந்த ரசிகர்களுக்கு இனித்தது. வென்ற கிர்ஸ்டன் நியூஷேஃபர் டெலிவரித் தொழிலில் தேறியவர். பழைய ஃபெரோசிமென்ட் படகொன்றைப் போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் தனியாக ஓட்டிக் கொடுத்தவர். தன் மின்னஹாஹாவைக் கனடாவில் பழுது பார்த்து, அட்லாண்டிக்கைக் கடந்து தொடக்கத் துறையான லெ சாப்ல் தொலோனுக்குக் கொண்டுவந்தார். இரண்டாவதாக வந்த அபிலாஷ் டோமியின் பயானத்தைத் தொடக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு கப்பல் மோதி, முன்கொம்பை நாசமாக்கியிருந்தது. அதைச் சரிசெய்து செப்டம்பர் 4 அன்று கோட்டில் நிறுத்தினார்கள். அப்புறம் கடலில் காற்றுச் சுக்கான் ஒடிந்தபோது கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்துகொண்டார். 2018இல் புயலில் முதுகெலும்பு முறிந்து, மீட்கப்பட்டவர் அவர். 16 பேர் கிளம்பி, இடையில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூவர். முதல் இருவருக்கும் இடையே இரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

பந்தயப் படகுகளைப் பார்க்க லெ சாப்ல் தொலோன் போகிறவர்கள் தொடக்க நாளுக்குப் போகாமல், படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்டுகிற நாட்களுக்கே போகலாம். உதவியாட்கள் ஏறி எல்லாவற்றையும் கழற்றிப் புதிது மாட்டுவதற்கு முந்திய அரை நாள் போதும். ஸ்ப்ளிட் பின்களின் கால்களை அளவாக விரித்து டேப் சுற்றியிருக்கிறதா, பாயை ஏற்றும் ஹேலியார்டுக் கயிற்றின் உரசிய நுனியை வெட்டி மறுபடி நூல் சுற்றியிருக்கிறதா, ஒட்டுப்போட்ட பாயின் மூலைகள் எப்படி என்று பொன்டூனில் நின்றபடியே பார்த்துவிடலாம். கேட்டால் பெரும்பாலானவர்கள் உள்ளே கூப்பிட்டு படகின் அடித்தளமான பில்ஜையும் திறந்து காட்டுவார்கள்.