அட்டைத் துளையும் காப்புரிமையும்

சேலத்துக்கு மேற்கே இளம்பிள்ளைக்குள் நுழைந்தவுடன் காதில் விழுவது விசைத்தறியின் ஓசை. அந்த ஓசைக்குக் காது பழகியபின் ஜக்கார்டு பூட்டிய தறி ஒன்றை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, நூலால் கோத்துச் சங்கிலிபோல் தொங்கவிட்ட தடித்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிக்குள் நகர்ந்து செல்வது கண்ணில் படும். ஊடை ஒரு தடவை ஓடுவதற்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைய, அதன் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் நூல் கிடந்தபடியே கிடக்கும். முந்தானையில் தோகை விரிக்கும் மயில் முழுதும், துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே செய்திகளால் ஆனது. இன்று நிரல் என்று நாம் பெரிதாகப் பேசும் வஸ்துவின் பூர்வாசிரமம் இதுவே என்பதில் அதிசயோக்தி இல்லை. 1830-களில் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் தாம் கற்பனை செய்த கணிப்பொறிக்கு இந்த அட்டையையே கடன் வாங்கினார்.

மென்பொருளுக்குக் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், வழங்கலாமா என்ற வழக்கைத் தறியடியிலிருந்து தொடங்குவதற்கு அது மட்டும் காரணமன்று. 1725-ல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தறியை இயக்கப் பார்த்தார். அவருக்குப்பின் பால்கோன் சுருளை அட்டைகளாக்கினார். வோக்கான்சோன் வேறொரு வகையில் அதைத் திருத்தினார். இவர்கள் மூவரும் விட்ட இடத்திலிருந்து 1804-ல் லியோன் நகரத்து ஜக்கார்டு தம் பொறியைப் பூர்த்தி செய்தார். மறு ஆண்டே நெப்போலியனின் அரசு அந்தப் பொறியைப் பொதுச் சொத்தாக்கிவிட்டு, ஜக்கார்டுக்கு உபகாரச் சம்பளமும், நிறுவப்படும் தறிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் கிடைக்கச் செய்தது. கண்டவனுக்குப் பலன், ஊருக்கு உரிமை என்ற இந்த ஏற்பாட்டை ஒரு சக்கரவர்த்தி செய்தார் என்பதற்காக நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

காப்புரிமைக் கொள்கைக்கும் நியாயமான ஒரு மூலம் உண்டு. "உன் ரகசியத்தை உலகறிய எழுதிக்கொடு, இருபது ஆண்டுகள் அதன் ஆதாயம் உனக்கே" என்று சமூகம் கண்டுபிடிப்பாளனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. பணபலம் படைத்த பெரிய ஸ்தாபனம் ஒன்று ஏழை ஒருவனின் யுக்தியைக் களவாடிக்கொள்ளும்போது, அவன் கையில் இருக்கக்கூடிய ஒரே ஆயுதமும் அதுதான். 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரப்பரைப் பதப்படுத்தும் ஒரு முறையில் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது என்பதற்காகவே அதற்குக் காப்புரிமை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அச்சு இருந்தது, வெப்பம் இருந்தது, வெந்து இறுகிய ரப்பர் இருந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்துவைத்த சிறு கதவின் வழியே, பொறியின்றி, பொருளின்றி, வெறும் கணக்கு முறைகளும் வியாபார வழக்கங்களும் உள்ளே புகுந்தன. ஒரே சொடுக்கில் சரக்கு வாங்குவது அமேசானுக்கு மட்டும் உரியதென்று 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இங்கேதான் ஒப்பந்தத்தின் ஒரு பாதி பொய்யாகிறது. மென்பொருள் காப்புரிமைப் பத்திரத்தை ஊன்றிப் படிக்கிறவனுக்கு, "தகவலைப் பெறும் ஒரு சாதனம்", "அதைச் சேமிக்கும் ஓர் அங்கம்" என்று எதற்கும் பொருந்தும் வாசகங்கள் கிடைக்குமேயன்றி, மூலநிரல் பெரும்பாலும் கிடைக்காது. ரகசியத்தை எழுதிக்கொடுக்காமலே அதன் விலையை வாங்கிக்கொண்ட கதை இது. அதுவுமன்றி, இயந்திரம் ஒன்றில் புதுமை ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒரு நிரலிலோ ஆயிரம் சிறு உத்திகள் பின்னிக்கிடக்கும். அவற்றுள் எது யாருடைய வேலிக்குள் இருக்கிறதென்று தேடிப் பார்க்க நாமக்கல்லில் நான்கு பேரோடு நடக்கும் ஒரு சிறு கம்பெனிக்கு நேரம் ஏது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்த வேலி இரட்டிப்புத் துன்பம் தருகிறது. நகல் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவன் கப்பம் கட்ட வேண்டுமானால், நகலெடுக்க எல்லோருக்கும் சுதந்திரம் தரும் அவனுடைய உரிமமே பொருளற்றுப் போய்விடும். படங்களைச் சுருக்கும் ஜிஃப் (GIF) என்னும் முறையை 1987-லிருந்து உலகமே தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்க, அதனுள் அடங்கிய கணக்குக்குத் தன்னிடம் காப்புரிமை உண்டென்று யூனிசிஸ் கம்பெனி 1994 முடிவில் பணம் கேட்டது. திரையில் எழுத்தின் விளிம்பைச் செம்மை செய்யும் ட்ரூடைப் கட்டளைகளுக்கு ஆப்பிளிடம் காப்புரிமை இருந்தமையால், லினக்ஸ் கணினிகளில் எழுத்து வரையும் ஃப்ரீடைப் நிரல், அந்தப் பகுதியைத் தன்னுள் வைத்துக்கொண்டே, 2010-ல் உரிமை காலாவதியாகும்வரை இயல்பாக இயங்கவிடாமல் பூட்டிவைத்திருந்தது. தடை இருந்ததால்தானே பிங் என்ற மேலான பட வடிவமும், எழுத்தைத் தானே செம்மை செய்யும் மாற்று முறையும் பிறந்தன என்று வாதிப்பவர்கள் உண்டு. பாலத்தை அடைத்தவன், சுற்றுவழியில் கண்ட தோப்பின் அழகுக்குப் பாராட்டு எதிர்பார்ப்பது போன்றது அந்த வாதம்.

கட்டற்ற சமூகமும் கைகட்டி நிற்கவில்லை. அப்பாச்சி உரிமத்தின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்பும் ஜிபிஎல் உரிமத்தின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பும் காப்புரிமைக்கு எதிரான ஷரத்துகளைச் சேர்த்துக்கொண்டன. லினக்ஸும் பிற கட்டற்ற மென்பொருள்களும் தன் காப்புரிமைகளில் 235-ஐ மீறுகின்றன என்று 2007-ல் முழங்கிய மைக்ரோசாஃப்ட், லினக்ஸைக் காக்க அமைந்த கூட்டணியில் 2018-ல் தானே வந்து சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் இத்தகைய சமாதானம் சிறியவனுக்கு எவ்வளவு நிழல் தரும் என்பது வேறு கேள்வி.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்கு மூட்டை கொண்டுபோகிற விவசாயிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று காப்புரிமை பெற்றது. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்வழக்காடி 1997-ல் அதை ரத்துச் செய்வித்தது. நம் பாட்டிமார் கைமருந்தாக வைத்திருந்தார்கள் என்ற வாய்மொழி அங்கே செல்லவில்லை. அச்சேறிய ஆதாரங்களே வழக்கை வென்றன. இந்தக் கோணத்தில் பார்த்தால், எழுதியது அனைத்தையும் தேதியோடு பகிரங்கமாக வைத்துவிடும் கட்டற்ற சமூகத்தின் சம்பிரதாயமே அதன் சிறந்த கவசம்.

இனி அச்சமூகத்தின் குறையையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலுக்கு ஆண்டு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஏறக்குறைய 2,000 டாலர்தான் என்பதும் வெளிப்பட்டது. எல்லோருக்கும் உரியது என்பது, பராமரிப்புக்கு ஒருவரும் பொறுப்பில்லை என்பதாக எவ்வளவு எளிதில் மாறிவிடுகிறது! இளம்பிள்ளையில் புட்டாவும் பார்டரும் வரைந்து கொடுக்கும் ஒருவரிடம், எல்லோருக்கும் உரியதாவதன் சங்கடத்தைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மின்னணு ஜக்கார்டு வந்தபின் அட்டை அடிக்கிற வேலை அவருக்கு இல்லை; டிசைன் பென் டிரைவில் போகிறது. "புது டிசைன் கடைக்குப் போயி மூணாம் நாளு அடுத்த தெருவுல ஓடுதுங்க. சேலையப் பார்த்தே போட்டுடறாங்க" என்றார். வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாமே என்றேன். பதிவாகி வருவதற்குள் அந்த டிசைன் பழசாகிவிடும் என்று சிரித்துவிட்டு, மேஜைமேல் கிடந்த காஞ்சிபுரம் சேலை ஒன்றின் பார்டரை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பார்த்து வரையலானார். அவருடைய மனக்குறையும் உண்மை, அவர் கையின் வேலையும் உண்மை. எனக்கு அங்கே விடை தோன்றவில்லை. ஆனால் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் அந்தக் கட்டங்களுக்கு இருபதாண்டு வேலி போட்டிருந்தால் அந்த மேஜையே இருந்திருக்காது என்பது மட்டும் தெரிந்தது.

நம் சட்டம் இந்த விஷயத்தில் பெரும்பாலும் நேரான பாதையில் போயிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(கே) பிரிவு, கணித முறையும், வியாபார முறையும், 'பெர் சே', அதாவது தன்னளவில் நிற்கும் கம்ப்யூட்டர் நிரலும் கண்டுபிடிப்பாகா என்றது. 2004 டிசம்பரில் பிறந்த அவசரச் சட்டம், தொழிலில் பிரயோகமாகும் நிரலுக்கும் வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் வழிவிடப் பார்த்தது. 2005-ல் பாராளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்காமல் பழைய வாசகத்தையே நிலைநிறுத்தியது. எனினும் அந்த லத்தீன் சொல் இரண்டும் செய்துவரும் குழப்பம் சாமானியமன்று. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட நெறிமுறைகள், கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்களும் பிறரும் எதிர்த்ததால், அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில் வந்தவை புதிய வன்பொருளும் வேண்டுமென்றன. 2017 ஜூனில் வந்தவை அந்த நிபந்தனையைக் கைவிட்டன. அலுவலகம் மூன்று ஆண்டில் மூன்று பேச்சுப் பேசினால், விண்ணப்பிக்கிறவன் எதை நம்புவான், அஞ்சுகிறவன் எதற்கு அஞ்சுவான்?

2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்பப் பயனைக் காட்டும் நிரலைப் பிரிவு 3(கே) தடுக்காது என்று கூறி, விண்ணப்பத்தை மறுபடி ஆராயும்படி திருப்பி அனுப்பியது. இணையத்தில் தகவலை அணுகும் முறை ஒன்றைப்பற்றிய அந்த விண்ணப்பம் இந்தியாவில் தாக்கலான ஆண்டு 2002. காப்புரிமையின் இருபதாண்டு, கொடுத்த நாளிலிருந்தன்று, கேட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. அதில் பதினேழு ஆண்டுகள் கேள்வியிலேயே கழிந்தன. அந்தப் பதினேழு ஆண்டுகளில் இளம்பிள்ளைத் தறிகளில் எத்தனை முந்தானைகள் ஏறி இறங்கியிருக்கும் என்பதற்கு அட்டை அடித்தவர்களிடமும் கணக்கு இராது.