குடியிருப்பு வெளியேற்ற வரைபடங்கள்

குடியிருப்பு வெளியேற்ற வரைபடம் என்பது, நகரங்களில் வீடுகள் இடிக்கப்பட்ட இடங்களையும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் நிலப்படத்தில் குறிப்பதாகும். சான் பிரான்சிஸ்கோவில் 2013இல் தொடங்கிய வெளியேற்ற எதிர்ப்பு வரைபடத் திட்டம் இவ்வகையில் பெயர் பெற்றது. இந்தியாவில் வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு இத்தகைய விவரங்களைத் தொகுக்கிறது. 2017இல் மட்டும் 53,700க்கு மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டதாக அது பதிவு செய்தது.

சிதறிக் கிடக்கும் நிகழ்வுகளை ஒருசேரக் காட்டுவது இம்முறையின் சிறப்பு. இடித்த இடத்தோடு நின்றுவிடுவது இதன் குறை. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் சில அம்பத்தூர் அத்திப்பட்டிலும், பல பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. கணக்கில் இரண்டும் ஒன்றே. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு அத்திப்பட்டு பக்கம். பெரும்பாக்கம் நகரின் மறுகோடி. நகரின் நடுவே வீட்டு வேலை செய்தவருக்கோ இரண்டுமே தொலைவு.

எனவே பழைய வீடு, புதிய வீடு, வேலையிடம், பள்ளி ஆகியவற்றைக் கோட்டால் இணைத்தால்தான் உண்மையான இழப்பு விளங்கும். வாடகைக்கு இருந்தவர் ஒதுக்கீட்டுப் பட்டியலில் விடுபட்டால், அவருக்குப் புதிய வீடும் இல்லை, கோடும் இல்லை. அந்த விடுபடலையும் குறிப்பதே முழுமையான வரைபடம் ஆகும்.