இரண்டாவது நுனி

காரியாபட்டியில் ஒருவர் மீன்பிடிக்கும் பழைய மூங்கில் கோல்களைச் சேகரித்து வைத்திருக்கிறார் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஊர் அது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். பங்குனி சித்திரைக்குள் அடிமண் வெடித்துவிடும். அந்தப் பக்கத்துக் குண்டாற்றிலும் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட சீமையில், ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில், துணி உறைகளுக்குள் பதினொரு கோல்கள் தொங்குகின்றன.

நண்பர் நீலகிரியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். பழைய பங்களாக்களில் சாமான்கள் ஏலம் போகும்போது மற்றவர்கள் பீங்கானையும் கடிகாரத்தையும் கேட்பார்கள்; இவர் மூலையில் கிடக்கும் கோல்களைக் கேட்பார். மலையில் அவற்றுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. சீமை ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1863லேயே பிரான்சிஸ் டே என்பவர் முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் அது பலித்தது. அந்த மீனுக்காகக் கப்பலேறி வந்தவை இந்தக் கோல்கள். நண்பர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்தபோது அவையும் கூடவே வந்துவிட்டன.

“புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவராயிற்றே, இதையெல்லாம் படித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று ஒரு கட்டு அச்சுத் தாள்களையும் ஒரு பழைய புத்தகத்தையும் என்னிடம் கொடுத்தார். அந்த அபிப்பிராயம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கோல் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் வெட்டி எடுத்துக்கொள்ளும் மூங்கில் கம்பு அல்ல அது. மூங்கிலைப் பிளந்து, தோலை ஒட்டிய கெட்டி நார் மட்டும் நிற்கும்படி உள்சதையை இழைத்துத் தள்ளி, முக்கோணமான ஆறு கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டுகிறார்கள். அறுகோணமாக ஒரு கோல் கிடைக்கிறது. ஒன்பதடிக் கோல் ஐந்து அல்லது ஆறு அவுன்ஸ் இருக்கும். நுனி பென்சிலைவிட ஒல்லி. இறகும் நூலும் வைத்துக் கட்டிய போலிப் பூச்சிக்குக் கனம் கிடையாது. கனமெல்லாம் கயிற்றில். கோல் பின்னால் வளைந்து முன்னால் நிமிரும்போது கயிறு காற்றில் நீண்டு போய்ப் பூச்சியைத் தண்ணீரில் வைக்கிறது. ஆகவே வளைவதுதான் இந்தக் கோலின் வேலை.

இந்தக் கோலுக்கும் நமக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கு ஆன மூங்கில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து போயிற்று. கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். பிறகு தென்சீனத்தின் குவாங்டாங் மூங்கில் அதைவிட உயர்ந்தது என்று கண்டார்கள். 1950இல் கொரியப் போரின்போது சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டதும் மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பழைய மூங்கில் கோல் அரும்பொருளானது அதற்குப் பிறகுதான்.

நண்பர் கொடுத்த தாள்கள், அந்த அரும்பொருளை விற்பதற்காக வெளிநாட்டு வியாபாரிகள் அச்சிட்ட பட்டியல்கள். இவற்றை இலக்கியமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், எடுத்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன். சொல் சிக்கனம் இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது. பட்டு நூல் சுற்று பழையதா புதியதா, வார்னிஷ் மறுபடி பூசியதா, கோல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டதா என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். நம் புத்தக மதிப்புரைகளில் இந்த நேர்மையில் கால் பங்கு இருந்தால் போதும். ஆனால் பக்கம் பக்கமாகப் படித்தும் ஒரு மீனைக்கூட நான் பார்க்கவில்லை. உறையிலிருந்து எடுக்கவே படாத கோலுக்குத்தான் அதிக விலை. கோலோடு இரண்டு நுனிகள் வரும். இரண்டும் முழு நீளம் இருந்தால் விலை ஏறும். ‘ஒரு நுனி மூன்று அங்குலம் குறைவு’ என்று இருந்தால் இறங்கும். பட்டியல் முழுவதிலும் கதை ஒளிந்திருக்கும் வாக்கியம் அது ஒன்றுதான். அந்த மூன்று அங்குலம் எந்தத் தண்ணீரில், எந்த மீனிடம் போயிற்று? அதை எழுதினவர் இல்லை.

புத்தகம் வேறு தினுசு. சென்னை ராஜதானியில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதியது. இந்திய நதிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் மங்களூரில் ஒரு புத்தகம் வெளியிட்டவர், 1887இல் நம் ஏரி குளங்களுக்கென்றே தனியாக இன்னொன்று எழுதினார். நண்பரிடம் இருப்பது இரண்டாவது. தாமஸ் வாசகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுகிறார். தமாஷ் செய்கிறார், தான் ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் எங்கே இருக்கும், எதைத் தின்னும் என்று மீனின் பக்கத்திலிருந்து யோசிக்கிறார். அவருடைய குறை, கரையில் நிற்கும் நம் ஆட்களைச் சரியாகப் பார்க்காதது. நெருக்கமான கண் வலையாலும் விஷத்தாலும் மீனை அழிக்கிறவர்கள் என்ற அளவில் அவர்களை அவருக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி, மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்துக் கையை விட்டுக் கெளுத்தியைத் துழாவும் ஆனந்தம் ஒரு துரைக்கு எட்டுகிற விஷயமல்ல. மூங்கிலுக்கும் மீனுக்கும் இந்தச் சீமையில் இருக்கிற பழைய உறவு அது.

தாமஸைப் படித்தபோது எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். தோல் பையில் இறைச்சித் துண்டு; நுனி இறுகக் கட்டின நீண்ட மூங்கில் கோல்; கயிறு, வளைந்த இரும்பு முள். பட்டியல்காரர் போலவே சாதனத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பிறகு வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அதோடு விடவில்லை. தப்பிய மீன், கரையில் நிற்கும் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினால்கூட, தூண்டில் கோல் என்று பயப்படுகிறது. கோலைப் பற்றி எழுதுகிறவன் கடைசியில் மீனிடம் போய்ச் சேர வேண்டும். அந்தக் கவிக்கு அது தெரிந்திருந்தது; தாமஸுக்கு முக்கால்வாசி தெரிந்திருந்தது; பட்டியல்காரருக்குத் தெரியவே இல்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். சற்று உற்சாகமாகவே சொன்னேன். “அப்படியென்றால் இவற்றைச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் நீங்களும் பட்டியல்காரர் கட்சிதான்” என்றேன். அவர் பதில் பேசாமல் எழுந்து, அல்ன்விக் ஊர் ஹார்டி சகோதரர்கள் செய்த ஒன்பதடிக் கோலை உறையிலிருந்து எடுத்தார்.

கார்த்திகைக் கடைசி. கண்மாய் நிறைந்திருந்தது. மீன் ஏலம் எடுத்தவர் நண்பருக்கு வேண்டியவர். மடை ஓரமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். வெளிச்சிக் கெண்டைகள் தண்ணீர் மட்டத்தில் பூச்சிக்குத் துள்ளிக்கொண்டிருந்தன. நண்பர் கயிற்றை வீசினார், சத்தமே இல்லை. விரல் நீளத்தில் நாலு மீன் பிடித்துத் திரும்ப விட்டார். பிறகு கோலை என் கையில் கொடுத்தார். அடிப்பிடியில் ஓர் உயிர் அசைவது போல இருந்தது. என் நாலாவது வீச்சிலோ ஐந்தாவதிலோ, வெளிச்சி எடுக்க வேண்டிய பூச்சியை ஒரு விரால் எடுத்தது. அது கொடிக்குள் புகுந்தது. நான் பதறிப்போய்க் கோலைத் தலைக்கு மேலே நிமிர்த்தி இழுத்தேன். அடிப்பாகம் தாங்க வேண்டிய பாரம் அத்தனையும் நுனியில் விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், “கொடிக்குள்ள போச்சுன்னா வராதுய்யா” என்றான். அவன் சொன்னதில் தாமஸின் ஒரு பக்கம் அடங்கியிருந்தது.

வீட்டுக்கு வரும் வரையில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பட்டியல்காரரைப் பற்றி நான் சொன்னவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு, அதை உபயோகிக்க வேண்டும் என்று தத்துவம் பேசுவது சுலபம். யாரோ ஒருவர் உறையில் போட்டுப் பூட்டி வைத்ததனால்தான் அந்தக் கோல் என் கைக்கு வர முடிந்தது. இதைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டால் நான் மதிப்புரைகளில் கேட்கும் நேர்மை எனக்கே இல்லை என்றாகிவிடும்.

நண்பர் ஒடிந்த நுனியை அளந்தார். நாலு அங்குலம் போயிருந்தது. பிறகு உறையிலிருந்து இன்னொரு நுனியை உருவிப் பொருத்திப் பார்த்தார்.

“ஒடியும் என்று செய்தவனுக்கே தெரியும். அதனால்தான் இரண்டு கொடுத்தான்” என்றார்.

செய்தவனுடைய அபிப்பிராயம் அந்தக் கோலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நானும் பட்டியல்காரரும் அதைப் படிக்கவில்லை. அவர் இரண்டாவது நுனியை விலையாகப் பார்த்தார். நான் பார்க்கவே இல்லை. கோல் தண்ணீருக்குப் போக வேண்டும், போனால் நஷ்டம் வரும், இரண்டையும் ஒப்புக்கொண்டு செய்த பொருள் அது. பழைய பொருளைப் பற்றி எழுதுகிறவர்களிடம் நான் இனிமேல் எதிர்பார்ப்பதும் அந்த இரண்டையும்தான்.

போன வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, மார்கழிக்குள் வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறார். கோலை என் கையில் கொடுப்பாரா என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. நுனியை மேலே தூக்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.